ஐந்து நிமிடக் கணக்கு மலைக்குச் சரிவராது

"வலி அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா வந்தா ஆஸ்பத்திரிக்குப் போங்க." புள்ளத்தாச்சிகளுக்கு எல்லாரும் சொல்லிக்கொடுக்கிற பாடம் இதுதான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி வரணும், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நிக்கணும், ஒரு மணித்தியாலம் அப்படியே தொடரணும். கொழும்பிலும் கண்டி டவுனிலும் இருக்கிறவர்களுக்கு நல்ல கணக்கு. மலையகத் தேயிலைத் தோட்டத்தில், மேல் டிவிஷன் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிறவளுக்கு அதே கணக்கைச் சொல்வது பிழை என்பேன்.

கர்ப்பப்பையின் வாய் 10 சென்ரிமீற்றர் விரிந்தால்தான் பிள்ளை இறங்கும். முதல் 5 சென்ரிமீற்றர் ஆமை வேகம். தலைப்பிள்ளை என்றால் ஒரு நாள் முழுக்கக்கூட இழுக்கும். அதற்கு மேல் வேகம் பிடிக்கும். தலைப்பிள்ளைக்கு அங்கிருந்து பொதுவாக 12 மணித்தியாலத்துக்குள் முழுதாக விரிந்துவிடும், அடுத்த பிள்ளைகளுக்கு 10க்குள். இவை மேல் எல்லைகள். இரண்டாவது, மூன்றாவது பிள்ளை இரண்டு மணித்தியாலத்தில் வந்து நிற்பதும் உண்டு. அந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் லயத்துப் படி இறங்கி, வாகனம் பிடித்து, குழி விழுந்த தோட்டத்து ரோட்டில் ஊர்ந்து, பெரிய ரோட்டுக்கு வந்து சேரணும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் அதுவும் இல்லை.

அதனால் மலைக்கு வேறு கணக்கு வேணும். தலைப்பிள்ளைக்கு வலி பத்து நிமிடத்துக்கு ஒன்றாக ஒழுங்காக வரத் தொடங்கினாலே புறப்படலாம். முன்பே பெற்றவள் என்றால் வலி ஒழுங்குக்கு வந்ததும் கிளம்பணும். பொய் வலி என்றால் கொஞ்சம் நடந்தாலோ படுத்தாலோ அடங்கிப்போகும். மெய் வலி இடுப்பில் தொடங்கி முன்னுக்கு வரும், போகப்போகக் கூடும், நடந்தாலும் நிற்காது. பொய் வலிக்குப் போய்த் திரும்பி வந்தால் வெட்கம் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். வெட்கத்தை விட ஆட்டோக் காசுதான் பெரிய தடை என்பதும் தெரிந்ததே. அந்தக் காசை எட்டாம் மாதத்திலேயே தனியாக எடுத்து வையுங்கள்.

வலிக்குக் காத்திருக்கவே கூடாத நேரங்களும் உண்டு. தண்ணிக்குடம் உடைந்தால், அதுவும் தண்ணி பச்சையாகப் போனால். இரத்தம் பட்டால். பிள்ளையின் துடிப்பு குறைந்தால். தலையிடியோடு கண் மின்னினால், மேல் வயிறு வலித்தால். அது பிரஷர் ஏறியதன் அடையாளம், வலிப்பில் கொண்டுபோய் விடும்.

இலங்கையின் அவசர அம்புலன்ஸ் சேவையான சுவசெரிய 1990க்கு எடுத்தால் அம்புலன்ஸ் இலவசம். ஆனால் அது எந்த வளைவு வரைக்கும் ஏறும் என்று முன்கூட்டியே பார்த்து வைக்கணும். தோட்டத்தின் பெயரோடு டிவிஷன் பெயரையும் சொல்லுங்கள். வாகனத்தில் அவளை மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். வயிற்றின் பாரம் பெரிய இரத்தக் குழாயை அமுக்கும், பிள்ளைக்குப் போகிற இரத்தம் குறையும். இடது பக்கம் சரித்துப் படுக்க வையுங்கள்.

இன்னொன்று. கடைசி நேரத்தில் வருகிற முக்கல், கக்கூசுக்குப் போகணும் போலத்தான் இருக்கும். பிள்ளையின் தலை மலக்குடலை அழுத்துவதால் வருகிற உணர்வு அது. லயத்துக் கக்கூசு வெளியே இருட்டில் இருக்கிறது. நிறைமாதத்தில் வலியோடு இருக்கிறவள் "வெளிக்குப் போயிட்டு வாரேன்" என்றால் தனியாக விடாதீர்கள்.

வழியிலேயே பிறந்துவிட்டால் பிள்ளையையும் இழுக்கக் கூடாது, தொப்புள்கொடியையும் இழுக்கக் கூடாது. கொடியை வெட்ட பிளேட்டைத் தேடவும் வேண்டாம். கொடியை அப்படியே விட்டுக் கொண்டுபோகலாம். உடனே செய்ய வேண்டியது துடைப்பது. ஈரப் பிள்ளையின் சூடு நுவரெலியாக் குளிரில் மளமளவென்று இறங்கும். நனைந்த துணியை எறிந்துவிட்டு, தாயின் வெறும் நெஞ்சில் படுக்க வைத்து, இரண்டு பேரையும் சேர்த்துப் போர்த்தி, பிள்ளையின் தலையை மூடுங்கள். குளிப்பாட்டுவது மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

படங்களில் பிள்ளை அழுததும் கதை முடிந்துவிடும். உண்மையில் தாயின் உயிருக்கு மோசமான நேரம் அப்போதுதான் தொடங்குகிறது. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லீற்றருக்குக் குறையாமல் இரத்தம் ஓடுகிறது. நஞ்சு (நச்சுக்கொடி) கழன்ற இடத்துக் குழாய்களை மூடுவதற்குக் கர்ப்பப்பைத் தசை இறுகுவதுதான் வழி. அதற்காகத்தான் பிள்ளை பிறந்த கையோடு 10 அலகு ஒக்சிடோசின் ஊசி. பொதுவாக அரை மணித்தியாலத்துக்குள் நஞ்சு விழும். ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் தசை இறுகாது. மூத்திரப்பை நிரம்பி இருந்தாலும் அப்படித்தான். தொப்புளுக்குக் கிட்டக் கை வைத்துப் பார்த்தால் தேங்காய் மாதிரிக் கெட்டியாக இருக்கணும். ரொட்டிக்குப் பிசைந்த மா போல நெகிழ்ந்து கிடந்தால் உடனே மிஸ்ஸியை (தாதியை) கூப்பிடுங்கள். துணியோ பேடோ ஐந்து நிமிடத்துக்குள் தொப்பென்று நனைந்தாலும் கூப்பிடுங்கள். "பிரசவத்துக்கு இரத்தம் போகத்தானே செய்யும்" என்று பக்கத்துக் கட்டில் அம்மா சொல்லுவார். கேட்காதீர்கள்.

வாட்டில் தமிழ் தெரிந்தவர் இல்லாத இரவுகள் உண்டு. அது வேறு சண்டை, அதையும் போடத்தான் வேணும். அதுவரைக்கும் மூன்று சிங்களச் சொல் தெரிந்திருக்கட்டும்: "ரிதெனவா" வலிக்கிறது, "வத்துர கியா" தண்ணி போய்விட்டது, "லே யனவா" இரத்தம் போகுது.

அந்த இரத்தம் எவ்வளவு போனால் தாங்குவாள் என்பது முந்தின மாதங்களில் முடிவாகிற விஷயம். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் இரத்தச்சோகை. நல்ல இரத்தமுள்ளவள் தாங்குகிற அரை லீற்றர் இழப்பில் சோகைக்காரி மயங்கிவிடுவாள். கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை சும்மா தருகிறார்கள். அதைச் சாயத்தண்ணியோடு (பால் விடாத தேத்தண்ணியோடு) விழுங்கினால் தேயிலைச் சாயம் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேராது. கல்சியம் மாத்திரையையும் அதே நேரம் போடக்கூடாது. தேசிக்காய்த் தண்ணியோடு இரவில் போடுங்கள். கொழுந்து பறிக்கிற வீட்டில் தேத்தண்ணியை விடச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை; மாத்திரைக்கு முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள்.