நாக்கு ஒட்டை வெட்டும்போது பச்சிளங்குழந்தைக்கு வலிக்காதா?

நாக்கு ஒட்டு என்பது நாக்கை அதிகம் அசையவிடாமல் அடியில் இறுக்கிப் பிடிக்கும் சவ்வு. “நாக்கின் அடியில் உள்ள சவ்வில் நரம்பே இல்லை, அதை வெட்டினால் பிறந்த குழந்தைக்கு வலி தெரியாது, பயமாக இருந்தால் பல் வலி ஜெல்லைத் தடவினால் போதும்” என்று வாட்ஸ்அப்பில் பரவும் தகவல் தவறானது, அதன் கடைசிப் பகுதி ஆபத்தானதும்கூட.

1980-கள் வரை மருத்துவர்களில் பலரும் பச்சிளங்குழந்தைகளுக்கு வலியுணர்வு முழுமையாக வளர்ந்திருக்காது என்றே நம்பினர். 1987-இல் ஆனந்த், ஹிக்கி ஆகிய மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை அந்த நம்பிக்கையை அசைத்தது. நாக்கு நரம்பின் கிளைகள் அந்தச் சவ்வுக்கு மிக அருகிலேயே ஓடுகின்றன. புருவம் நெரிவதும், கண்கள் இறுக மூடுவதும், இதயத் துடிப்பு கூடுவதும் வலியின் அடையாளங்களே.

பென்சோகெய்ன் என்னும் மரத்துப்போகச் செய்யும் மருந்து கலந்த பல் வலி ஜெல், இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைத்துவிடக்கூடும் என்பதால், இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு அதைப் பயன்படுத்தக் கூடாதென்று அமெரிக்க உணவு மருந்துக் கழகம் 2018-இல் எச்சரித்தது. தேனும் வேண்டாம், ஒரு வயதுக்கு முன் அது பொட்டுலிசம் என்னும் நச்சு நோயை உண்டாக்கலாம்.

உண்மையில் உதவுபவை எளியவை: துணியில் இதமாகச் சுற்றிப் பிடித்தல், சுமார் இரண்டு நிமிடம் முன்பாக மருத்துவமனையில் அளந்து தரும் சில துளி சுக்ரோஸ் (சர்க்கரை) கரைசல், வெட்டிய உடனே தாய்ப்பால். இவற்றைத் தருவீர்களா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்கத் தாய்க்கு முழு உரிமை உண்டு.