விலா எலும்பு தெரிந்தால் பட்டினியா?

பாளையங்கோட்டைத் தெருக்களில் என் கன்னி இன வேட்டை நாயை நிம்மதியாக நடத்திச் செல்ல முடிவதில்லை. "என்ன அண்ணாச்சி, சோறே போடுவதில்லையா?" என்று ஆள் மாற்றி ஆள் கேட்கிறார்கள். சதைப்பிடிப்பான லாப்ரடார் நாயைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு விலா எலும்பு தெரிந்தாலே பட்டினிதான்!

கன்னியும் சிப்பிப்பாறையும் நம் கரிசல் காட்டில் முயலை விரட்டிப் பிடிக்க வளர்த்த இனங்கள். ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள், இதுதான் அவற்றின் இலக்கணம். நாய்க் கண்காட்சியில் நடுவர் பார்ப்பதும் அந்த உடற்கட்டையும் நடையையும்தான். கொழுப்பு ஏறினால் ஓட்டம் கெடும், மூட்டு நோகும். ராஜபாளையம் நாய்க்கு 2005இல் அஞ்சல்தலையே வெளியிட்டார்கள். அதன் பக்கத்து ஊர் இனம் எப்படி இருக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்கே தெரியவில்லை.

கேட்டுவிட்டுப் போனாலாவது பரவாயில்லை. போன கண்காட்சிக்கு முந்தின நாள், நான் அசந்த நேரத்தில் எதிர்வீட்டு அம்மா சால்னாவில் ஊறிய பரோட்டாவைப் போட்டுவிட்டார். இரவெல்லாம் வயிற்றுப்போக்கு. மறுநாள் நடுவர் முன்னால் வாலைக்கூடத் தூக்காமல் துவண்டு நின்றது, பாவம். சால்னாவில் வெங்காயம் கிடக்கும். நாய்க்கு அது நஞ்சு. பாசத்தில் செய்கிறார்கள், அதனாலேயே திட்டவும் முடியவில்லை.

கொடுக்க ஆசையாக இருந்தால் என்னிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவித்த முட்டை ஒன்று கொடுக்கலாம், நான் தடுக்கமாட்டேன்.