கோல் விடாமல் காப்பதும் கால்பந்துதான்

சிங்கப்பூரில் நாங்கள் திரையில் ஆடும் மெய்நிகர்க் கால்பந்து லீக்கில், சனிக்கிழமை இரவு நடந்த இறுதி ஆட்டத்தைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்று நான்கு நாள்கள் பொறுத்திருந்தேன். இன்று காலை அந்த வர்ணனைத் துணுக்கு மறுபடியும் என் கைப்பேசிக்கு வந்தது. இம்முறை அனுப்பியவர் என் சொந்த அத்தை மகன், கூடவே சிரிக்கும் முகங்கள் மூன்று. அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. ஆட்டத்தை நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். பொங்கோல் அணியை ஈசூன் அணி 1-0 என்று வென்றதும், கடைசி விசில் ஊதிய கையோடு வர்ணனையாளர், “இது கால்பந்தே இல்லை, கோல் கம்பத்துக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், சுத்தக் கோழைத்தனம்” என்று சொன்னதும் உங்களுக்குத் தெரியும்.

நான் ஈசூன் அணியின் வலப்பக்க மத்தியத் தற்காப்பு ஆட்டக்காரன். ஆகவே நடுநிலையாளன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். இருந்தாலும் சொல்கிறேன்: கோல் விடாமல் காப்பதும் கால்பந்துதான்.

இந்தப் பருவத்தில் பொங்கோல் அணியோடு இதற்கு முன் இரண்டு முறை மோதினோம். முதல் ஆட்டத்தில் 4-0, இரண்டாவதில் 3-1, இரண்டிலும் தோற்றோம். அவர்கள் தற்காப்பு வரிசையை நடுக்கோடு வரைக்கும் ஏற்றி வைத்து, பந்து எங்கள் காலுக்கு வந்த மறுகணமே மூன்று பேராகச் சூழ்ந்து நெருக்குவார்கள். அழகான ஆட்டம், மறுக்கவே மாட்டேன். அந்த இரண்டு தோல்விகளின்போதும் நாங்கள் அவர்களைப் போலவே ஏறி ஆட முயன்றோம். அப்போது யாரும் எங்களை வீரர்கள் என்று பாராட்டவில்லை. “ஈசூன்காரர்களுக்கு ஆடத் தெரியவில்லை” என்றுதான் எழுதினார்கள்.

அதன் பிறகு மூன்று வாரம், வேலை முடிந்து, சாப்பிட்டு, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, இரவு பத்தரைக்கு மேல் அந்த இரண்டு ஆட்டங்களின் பதிவுகளையும் மீண்டும் மீண்டும் ஓடவிட்டுப் பார்த்தோம். எங்கள் அணித்தலைவர் பள்ளிப் பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்குப் புத்தகம் ஒன்றை வைத்திருக்கிறார். அதில் பென்சிலால் பதினொரு வட்டங்கள் வரைந்து, ஒவ்வொரு கோலுக்கும் முன்னால் யார் எங்கே நின்றார் என்று குறித்துக்கொண்டே வந்தார். பதினெட்டாம் பக்கத்தில்தான் அது கண்ணில் பட்டது. அவர்களுடைய இடப்பக்கத் தற்காப்பு ஆட்டக்காரர் ஏறிப் போகும்போதெல்லாம், அவர் விட்டுப்போன இடத்தை அடைக்க வேண்டிய மத்திய திடல் ஆட்டக்காரர் பந்து இருக்கும் பக்கம் இழுபட்டுப் போய்விடுகிறார். நான்கைந்து நொடிகளுக்கு அந்தப் பக்கம் வெட்டவெளி. (இதை இங்கே வெளிப்படையாக எழுதத் தயங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பொங்கோல் அணித்தலைவரே என்னிடம் கேட்டார், நானும் சொல்லிவிட்டேன்.)

அந்த நான்கைந்து நொடிக்காகத்தான் ஐந்து பேரைப் பின்னால் நிறுத்தினோம். அவர்களை ஏறி வரவிட்டால்தான் அந்த இடம் திறக்கும். 63ஆம் நிமிடத்தில் அது திறந்தது. பந்தை நான் இடைமறித்ததற்கும் அது வலைக்குள் போனதற்கும் நடுவில் மூன்றே மூன்று தட்டல்கள். மூன்று வாரம் உட்கார்ந்து எதிரணியின் ஆட்டத்தைப் படித்து, அவர்களுக்கென்றே ஒரு திட்டம் வகுத்து, அதைப் பதினொரு பேரும் பிசகாமல் நிறைவேற்றியதற்குப் பெயர் கோழைத்தனம் என்றால், உழைப்புக்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

நாங்கள் ஆடும் எஃப்சி என்ற கால்பந்து மின்விளையாட்டின் கிளப்ஸ் முறையில் ஆடிப் பார்க்காதவர்களுக்கு ஒன்றை விளக்க வேண்டும். தனியாள் ஆட்டத்தில் ஒருவரே பதினொரு பேரையும் மாற்றி மாற்றி இயக்குவார். இதில் அப்படியில்லை. பதினொருவரும் மனிதர்கள், ஆளுக்கு ஓர் இடம், ஆளுக்கு ஒரு கட்டுப்பாட்டுக் கருவி. திரையில் தொண்ணூறு நிமிடமாகக் காட்டும் ஆட்டம் மெய்யாக ஓடுவது பன்னிரண்டு நிமிடம், அதில் இரண்டு மூன்று நிமிடம் வரை பந்து என் பக்கமே வராமல் போகும். அப்படி நிற்கும்போது கை துடிக்கும். பந்து வைத்திருப்பவர் எதிரே வந்து உடம்பை அசைத்து ஆசை காட்டுவார். வட்டப் பொத்தானை அழுத்திப் பந்தைப் பறிக்கப் பாய்ந்தால், பத்தில் ஏழு முறை அவர் என்னைக் கடந்து போய்விடுவார், என் முதுகுக்குப் பின்னால் வாசல் திறந்துகொள்ளும். ஆகவே எல்2 பொத்தானை அழுத்திப் பிடித்தபடி, அவர் எதிரில் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து, பாயாமல் நிற்க வேண்டும். காதில் அணித்தலைவரின் குரல் மட்டும்: “நில்லுங்கண்ணே, போகாதீங்க, நில்லுங்க.” சனிக்கிழமை ஆட்டம் முடிந்து கருவியைக் கீழே வைத்தபோது என் இடது சுட்டுவிரலை நிமிர்த்த முடியவில்லை. பாய்வது எளிது. பாயாமல் நிற்பதற்குத்தான் துணிச்சல் வேண்டும்.

“விளையாட்டு மென்பொருளின் ஓட்டையைப் பயன்படுத்தி வென்றீர்கள்” என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். 2024 செப்டம்பரில் வெளிவந்த எஃப்சி 25 பதிப்பில் தற்காப்பு அணுகுமுறை என்று நான்கு தெரிவுகளை, அந்த விளையாட்டை உருவாக்கும் இஏ நிறுவனமே வைத்தது: ஆழமாக நிற்பது, சமநிலை, உயரமாக நிற்பது, ஆவேசமாக நெருக்குவது. பொங்கோல் அணி நான்காவதைத் தேர்ந்தெடுத்தால் அது துணிச்சல், நாங்கள் முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் அது ஓட்டையா? ஒரே பட்டியலில் இருக்கும் இரண்டு தெரிவுகள் அவை.

“பார்க்கிறவர்களுக்குச் சலிப்பாக இருந்தது” என்கிறார்கள். இருந்திருக்கலாம். பார்ப்பவரை மகிழ்விப்பது எங்கள் கடமை என்று எந்த விதியிலும் இல்லை.

கடைசிச் சில நிமிடங்கள் பந்தை மூலைக்கொடிக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டோம் என்பதையும் குறையாகச் சொல்கிறார்கள். ஆமாம், வைத்துக்கொண்டோம். முன்னணியில் இருக்கும் அணி வேறென்ன செய்யும்? இதைப் பற்றி மேற்கொண்டு விவாதிக்க எனக்கு விருப்பமில்லை.

“எல்லாரும் இப்படி ஆடினால் ஆட்டமே செத்துவிடும்” என்ற வாதத்தை மட்டும் நான் மதிக்கிறேன். அதற்கு விடை வரலாற்றில் இருக்கிறது. தற்காப்பு ஆட்டக்காரர் காலால் பின்னுக்குத் தட்டிவிடுவதும் கோல்காப்பாளர் கையில் எடுத்துக்கொள்வதுமாக நேரத்தைக் கரைக்கும் வழக்கம் முற்றியபோது, 1992இல் விதியை மாற்றினார்கள். அதற்குமுன் அப்படி ஆடிய அணிகளிடமிருந்து யாரும் கோப்பையைப் பிடுங்கவில்லை. ஆட்டத்தைச் சீராக்க வேண்டுமென்றால் விதியை மாற்றுங்கள், விதிக்குள் நின்று ஆடியவனைப் பழிக்காதீர்கள்.

அந்தப் பஸ் என்ற சொல்லுக்கே ஒரு கதை உண்டு. 2004இல் டாட்டன்ஹமோடு கோல் எதுவும் இல்லாமல் சமநிலை கண்ட எரிச்சலில் செல்சியின் பயிற்றுவிப்பாளர் மொரினியோ சொன்னது அது. அதே மொரினியோதான் 2010 ஏப்ரல் 28 அன்று பார்சிலோனாவின் சொந்தத் திடலில், 28ஆம் நிமிடத்திலேயே தியாகோ மோட்டா வெளியேற்றப்பட்ட பிறகும், பத்தே பேருடன் இன்டர் மிலானை நிற்கவைத்தார். அன்று 1-0 என்று தோற்றாலும் இரண்டு அரையிறுதி ஆட்டங்களின் மொத்தக் கணக்கில் 3-2 என்று முன்னேறி, அடுத்த மாதம் ஐரோப்பிய கிளப் அணிகளின் கோப்பையையும் தூக்கினார்கள். கோல் போட முடியாதவர் வாயிலிருந்துதான் பஸ் என்ற சொல் எப்போதும் புறப்படுகிறது.

இவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1998 செப்டம்பரில் ஹனோயில் நடந்த, தென்கிழக்காசிய நாடுகளுக்கான டைகர் கிண்ண இறுதியாட்டத்தின்போது எனக்கு எட்டு வயது. எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பா, சித்தப்பா, எதிர்வீட்டு மலாய்க்காரர், அவருடைய இரண்டு மகன்கள் எல்லாரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். வியட்னாம் சொந்த மண்ணில் ஆடுகிறது, சிங்கப்பூர் வெல்லும் என்று யாருமே சொல்லவில்லை. நம் சசிகுமாரின் தோள்பக்கம் பட்டு அந்தப் பந்து உள்ளே போனது. 1-0. அதன்பிறகு கடைசி விசில்வரை அப்பா என் கையை விடவே இல்லை. எதிரணி ஏறி ஏறி வர, நம் ஆட்டக்காரர்கள் தடுத்துத் தடுத்து அனுப்பிய ஒவ்வொரு பந்துக்கும் என் விரல்கள் நசுங்கின. அந்த வெற்றி அழகாக இருந்ததா என்று மறுநாள் காப்பிக் கடையில் ஒருவரும் கேட்கவில்லை. அப்பா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன, அந்தக் கோலைப் பற்றிக் கடைசிவரை பேசிக்கொண்டிருந்தார்.

அதே போட்டியில்தான் தாய்லாந்தும் இந்தோனீசியாவும் மோதிய அந்த வெட்கக்கேடும் நடந்தது. அரையிறுதியில் வியட்னாமைச் சந்திக்காமல் தப்பிப்பதற்காக இரு தரப்புமே வெல்ல விரும்பாமல் ஆடின, இந்தோனீசிய ஆட்டக்காரர் ஒருவர் வேண்டுமென்றே தம் சொந்த வலைக்குள் பந்தை அடித்தார். இரண்டு சங்கங்களுக்கும் அபராதம் விதிக்கப்பட்டது. கோழைத்தனம் என்றால் என்ன என்று தெரிய வேண்டுமா, அதைப் போய்ப் பாருங்கள். கடைசி நொடிவரை வெல்ல வேண்டும் என்று நின்றவர்கள் மீது அந்தச் சொல்லை வீசாதீர்கள்.

உண்மையைச் சொன்னால், பஸ் என்றது எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. அடுத்து அந்த வர்ணனையாளர் சொன்னாரே, “ஈசூன் என்றாலே இப்படித்தான், வேறென்ன எதிர்பார்க்க முடியும்” என்று, அதுதான் வலித்தது. எங்கள் வட்டாரத்தைப் பற்றி இந்தத் தீவில் புழங்கும் கேலி எல்லாவற்றையும் நான் கேட்டிருக்கிறேன். அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன், தேசிய சேவையில் முகாமில் கேட்டிருக்கிறேன். நான் பிறந்து வளர்ந்த புளோக், அம்மா இன்றும் காலையில் காய்கறி வாங்கப் போகும் சந்தை, இவற்றுக்கும் ஐந்து பேர் தற்காப்புக்கும் என்ன தொடர்பு? வர்ணனையாளர் தம்பி, நீங்கள் படித்தவர், அழகாகத் தமிழ் பேசுகிறீர்கள், பேசத் தெரிந்தவர் சொல்லும் சொல்லுக்கு எடை அதிகம். 2023 ஜூனில் நம் சன்டெக் அரங்கில் நடந்த ஒலிம்பிக் மின்விளையாட்டு வாரத்தின் போட்டிப் பட்டியலில் மெய்நிகர்க் கால்பந்துக்கு இடமே இருக்கவில்லை. நமக்கு இருப்பது இந்தச் சிறிய லீக், இருநூறு முந்நூறு பார்வையாளர்கள், தமிழில் வர்ணிக்க நீங்கள் ஒருவர். வேறு யாரும் எங்களைப் பற்றிப் பேசப்போவதில்லை.

எங்கள் கோல்காப்பாளருக்குப் பதினேழு வயது. 2023இல் எஃப்சி 24 வந்து, பிளேஸ்டேஷனும் எக்ஸ்பாக்ஸும் கணினியும் கிளப்ஸ் முறையில் ஒன்றாக ஆடலாம் என்றான பிறகுதான் அவன் எங்களோடு சேர முடிந்தது. யாரும் எடுத்துக்கொள்ளத் தயங்கும் இடத்தை அவனாகக் கேட்டு வாங்கிக்கொண்டான். ஆட்டம் முடிந்ததும் “கோல்காப்பாளர் தூங்கியே இருக்கலாம்” என்று நீங்கள் சொன்னதை அவன் கேட்டான். திங்கட்கிழமைப் பயிற்சிக்கு வரவில்லை, வயிறு சரியில்லை என்று செய்தி அனுப்பினான். 78ஆம் நிமிடத்தில் கீழ்மூலைக்குப் போன பந்தையும், 86ஆம் நிமிடத்தில் ஆறடி தூரத்திலிருந்து தலையால் முட்டிய பந்தையும் தடுத்தவன் அவன். இரண்டும் உங்கள் ஒளிபரப்பிலேயே பதிவாகியிருக்கின்றன. எனக்கோ அணிக்கோ நீங்கள் மன்னிப்புச் சொல்ல வேண்டாம். அந்தக் காணொளிக்குக் கீழே, அந்த இரண்டு பந்துகளைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள். அவன் தினமும் அதைத் திறந்து பார்க்கிறான்.