ஏன் ஐந்து மூலை?

"பிள்ளை எஞ்சினியர்" என்ற சொல்லுக்கு யாழ்ப்பாணத்தில் இருக்கும் மதிப்பை நான் சொல்லத் தேவையில்லை. உயர்தரத்தில் கணிதப் பிரிவு, விடியற்காலை ரியூசன், பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி, பிறகு மொறட்டுவைப் பல்கலைக்கழகமோ பேராதனையோ. இதற்காகக் காணியை ஈடு வைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். ஆனால் ஒரு பொறியியலாளர் எப்படி யோசிக்கிறார் என்பதைத் தரம் ஒன்றிலிருந்து எந்த வகுப்பிலும் நாங்கள் பழக்குவதில்லை. இது எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

போன மாதம் மகள் வரலாற்றுக் கொப்பியை வைத்துப் பாடமாக்கிக்கொண்டிருந்தாள். போர்த்துக்கேயர் கட்டிய யாழ்ப்பாணக் கோட்டை சதுரம், 1658 இல் பிடித்த ஒல்லாந்தர் அதை ஐங்கோணமாகத் திருத்திக் கட்டினார்கள். "ஏன் ஐந்து மூலை?" என்று கேட்டேன். "அது சோதனைக்கு வராது, அப்பா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்குக் கூட்டிப்போனேன். மதிலின் நடுவில் நின்று கீழே பார்க்கச் சொன்னேன். எவ்வளவு எட்டிப் பார்த்தாலும் மதிலின் அடி தெரியவில்லை. பிறகு மூலையில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கொத்தளத்துக்குப் போனோம். அங்கிருந்து பக்கவாட்டில் திரும்பினால் அதே மதிலின் அடி முழுவதும் தெரிகிறது. பண்ணைக் கடற்காற்றில் தலைமுடி முகத்தில் அடிக்க, கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். "ஒட்டி நிற்பவனைப் பக்கத்து மூலையிலிருந்துதான் சுடலாம்" என்றாள். அடுத்து, "அப்படியென்றால் ஏன் ஆறு மூலை வைக்கவில்லை?" கல் வேண்டும், கூலி வேண்டும், காவலுக்கு ஆள் வேண்டும் என்று இருவருமாக எண்ணிப் பார்த்தோம். தேவை என்ன, கையில் இருப்பது என்ன, எதை விட்டுக்கொடுக்கலாம்? வரலாற்றுப் பாடத்துக்குள்ளேயே இந்தக் கேள்விகள் இருந்திருக்கின்றன.

புவியியலும் அப்படித்தான். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத குடாநாடு இது. மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, உவர்நீருக்கு மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 மீற்றர் நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. மேலே ஒரு மீற்றர் குறைந்தால் கீழிருந்து உப்பு எவ்வளவு ஏறிவரும் என்று பிள்ளைகளே கணக்குப் போடட்டும். என் அம்மப்பா காலத்தில் துலா மிதித்துப் பட்டையால் இறைத்தார்கள். மனிதக் கால் களைத்ததும் இறைப்பு நின்றது, கிணறும் ஊறியது. மோட்டார் களைப்பதில்லை. ஒரு கிணற்றை மூன்று வீடுகள் பங்கிட்டால் யார், எப்போது, எவ்வளவு இறைப்பது? இதற்கு ஒரு திட்டம் போடச் சொன்னால் கணிதம், விஞ்ஞானம், குடியியல் எல்லாம் ஒரே பாடத்தில் வந்துவிடும்.

தமிழ்ப் பாடத்தில் இன்னும் இலகு. கிடுகு பின்னுவது எப்படி என்று ஒரு பிள்ளை எழுதட்டும். பின்னத் தெரியாத இன்னொரு பிள்ளை அதை வாசித்து, எழுதியபடியே பின்னிப் பார்க்கட்டும். ஓலை எங்கே சிக்குகிறதோ அங்கே வசனம் பிழை. திருத்தி எழுதி மறுபடி கொடுக்கட்டும். இப்போது கட்டுரை ஒரே தடவை எழுதப்படுகிறது, சிவப்புப் பேனாவால் கீறப்படுகிறது, அத்தோடு முடிந்தது. பிழை விட்ட இடத்திலிருந்து திரும்பத் தொடங்கலாம் என்பதைப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் பழகவில்லை என்றால் வேறு எங்கே பழகும்?

ஆசிரியர்களைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. பாடத்திட்டத்தை முடிக்க அவர்கள் படும் பாட்டை அருகிலிருந்து பார்க்கிறேன். தவணைக்கு ஒரு பாடவேளை போதும் என்றுதான் கேட்கிறேன்.

எங்கள் வளவுக் கிணறு இருக்கிறது. ஐப்பசி மழை தொடங்கும்போது வந்து நீர்மட்டத்தை அளந்து, சித்திரை வரை கிழமைக்கு ஒருமுறை குறித்துப் பார்க்க விரும்பும் வகுப்பு எதுவானாலும் வரலாம். கயிறும் அளவு நாடாவும் நான் தருகிறேன்.