மிஸ்மாருக்குப் பொன்னாடை வேண்டாம்

போன மாதம் அம்மாவை யாழ்ப்பாணத்தில் ஒரு அரச ஆஸ்பத்திரியில் நான்கு நாள் வைத்திருந்தோம். நியூமோனியா. கட்டில் கிடைக்கவில்லை. முதல் இரவு இரண்டு கட்டிலுக்கு நடுவே பாயில்தான் கிடந்தார்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. "இத்தனை பேர் சுத்தி நிண்டால் நான் எங்கால போறது? ஒராள் மட்டும் நில்லுங்கோ" என்று மிஸ் ஏசினார். (எங்கள் ஊரில் தாதியர் எல்லோரும் மிஸ்தான்.) அப்போதே ஃபோனை எடுத்து இங்கே ஒரு பதிவு எழுதத் தொடங்கினேன். நல்ல காலம், சார்ஜ் போய்விட்டது.

அம்மாவின் கை நரம்பு எலும்போடு ஒட்டிப்போனது. இரண்டு தரம் குத்தியும் பிடிபடவில்லை. மிஸ் பாயருகே முழங்காலில் இருந்து, அம்மாவின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்துச் சூடாக்கினார்.

"ஆச்சிக்கு எத்தனை பேரப்பிள்ளையள்?"

அம்மா ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஐந்தாவதுக்கு வர, ஊசி ஏறிவிட்டது.

பிறகு நனைந்த சேலையை மாற்றும்போது தலைப்பு முடிச்சுக்குள் காசு இருந்தது. பக்கத்துக் கட்டில் ஆச்சியைச் சாட்சிக்கு வைத்து எண்ணித் தந்தார். 1,340 ரூபாய். "பிறகு காணேல்லையெண்டு எங்களைச் சொல்லக் கூடாது, என்ன?" என்று சிரித்தார். எத்தனை தரம் கேட்டிருப்பார் அந்தப் பேச்சை!

நாற்பது நோயாளருக்கு அந்த இரவில் இரண்டு மிஸ், ஒரு சிற்றூழியர். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு டொக்டர்மாரும் தாதியரும் வெளிநாடு போய்க்கொண்டே இருக்கிறார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் சொந்தத்தில் பாதி கனடாவில். ஆனால் போனவர்களின் வேலையும் நிற்பவர்களின் தலையில்தான் விழுகிறது. கையைத் தேய்த்துச் சூடாக்க மூன்று நிமிடம் பிடிக்கும். அந்த மூன்று நிமிடத்தைத் தன் தேத்தண்ணி நேரத்தில்தான் எடுத்தார். கோப்பை ஜன்னல் விளிம்பில் ஆறிப்போய்க் கிடந்தது.

இதை எழுதினால் "தெய்வங்கள்" என்று கீழே நாலு பேர் கும்பிடு போடுவீர்கள். வேண்டாம். 1987 ஒக்டோபர் 21இல் இந்திய இராணுவம் யாழ். போதனா வைத்தியசாலைக்குள் புகுந்து சுட்டபோது, நோயாளரோடு வைத்தியர்களும் தாதியரும் சிற்றூழியரும் செத்தார்கள். மறுநாள் காலை தாதியரோடு கைகளை உயர்த்திக்கொண்டு வந்த குழந்தை வைத்திய நிபுணர் சிவபாதசுந்தரத்தையும் சுட்டார்கள். அவர்கள் தெய்வங்களாக இருந்து சாகவில்லை. டியூட்டியில் நின்ற மனிதர்கள்.

தெய்வம் என்று சொல்லிவிட்டால் சம்பளம், ஓவர்டைம், இன்னும் இரண்டு ஆள் என்று எதையும் கேட்கத் தேவையில்லை அல்லவா? விழா வைத்துப் பொன்னாடை போர்க்கும் அரசியல்வாதிகளிடம், இரவு வாட்டில் எத்தனை பேர் என்று ஒருவராவது கேட்டிருக்கிறோமா? நாங்களும் ஒரு நோயாளியைப் பார்க்க வான் பிடித்து ஏழு பேர் போகிறோம். எங்கள் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

துண்டு வெட்டி அம்மாவை வீட்டுக்கு விட்ட அன்று ஒரு கேக் பெட்டி கொண்டுபோனேன். அந்த மிஸ் இல்லை, நைட் முடிந்து போய்விட்டார். இருந்த மற்ற மிஸ் பெட்டியை வாங்கி மேசைக்குக் கீழே தள்ளினார்.

"சந்தோசம் அக்கா. இப்ப கொஞ்சம் வழியை விடுங்கோ, டிரொலி வருது."