எத்தனை ஸ்தாயி என்று எண்ணுவதை விடுங்கள்

எந்தப் பாடகருக்கு எத்தனை ஸ்தாயி (ஒரு 'ச'விலிருந்து அடுத்த மேல் 'ச' வரையிலான தூரம்) என்ற பட்டியல் மறுபடியும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒருவர் எப்போதோ எழுப்பிய மிகத் தாழ்ந்த உறுமலையும் உச்சக் கீச்சையும் பிடித்து, இடைவெளியை அளந்து, யார் பெரியவர் என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை.

அமெரிக்கப் பாடகர் டிம் ஸ்டார்ம்ஸ் 2012-ல் கின்னஸ் சாதனைக்காகப் பாடிய சுரம் 0.189 ஹெர்ட்ஸ் (ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு). மனிதக் காதுக்கு 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்காது. அது அபாரமான தொண்டைதான், மறுக்கவில்லை. ஆனால் கேட்க முடியாத சுரத்தைப் பாட்டுக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது?

குவீன் இசைக்குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரிக்கு நாலு ஸ்தாயி என்று எல்லோரும் சொல்வார்கள். 2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் அவருடைய பதிவுகளை அளந்தபோது மூன்று ஸ்தாயிக்குச் சற்றே கூடுதலாகத்தான் கிடைத்தது. பேசும்போது அவர் குரல் 117 ஹெர்ட்ஸை ஒட்டி, சாதாரண பாரிடோன் (நடுத்தர ஆண்குரல்) ஆளின் குரல். இதனால் அவர் சிறுத்துவிட்டாரா என்ன? நீட்டிப் பிடித்த சுரத்தில் அவர் குரல் நொடிக்கு ஏறத்தாழ 7 முறை அசைகிறது என்பதையும் அதே ஆய்வுதான் சொன்னது. அந்தத் துடிப்புதான் ஃப்ரெடி. பட்டியலில் அதற்குக் கட்டமே கிடையாது.

அமெரிக்கப் பாடகி மின்னி ரிப்பர்டனின் 1975 ஹிட் பாட்டான 'லவிங் யூ'வைக் கேளுங்கள். பின்னால் குருவிச் சத்தம், மெல்லிய கிட்டார், அதிராத குரலில் வரிகள். திடீரென்று குரல் விசில் போல மேலே ஏறிவிடும். அங்கே சொல்லே இல்லை, வெறும் நாதம். அதற்குக் காரணமும் உண்டு. 'ஆ'வையும் 'ஈ'யையும் பிரித்துக் காட்டுவது வாய்க்குள் எழும் ஒத்ததிர்வு. சுரம் 1,000 ஹெர்ட்ஸைத் தாண்டி வெகுதூரம் போனால் உயிரெழுத்துகள் எல்லாம் ஒன்றுபோலவே கேட்கத் தொடங்கும். அந்த உயரத்தில் வரியைத் திணிக்காமல் நாதத்தை மட்டும் விட்டாரே, அதுதான் பாடத் தெரிந்தவரின் வேலை. அதைவிடவும் எனக்குப் பெரிதாகத் தெரிவது அவர் ஏறும் விதம். இயல்பான குரலிலிருந்து கள்ளக் குரலுக்கும் (இயல்பைத் தாண்டி மெலிந்து ஒலிக்கும் மேல்குரல்) அதற்கு மேலும் போகும்போது பெரும்பாலோருக்கு ஒரு பிசிறு தட்டும். இவருக்கு ஒட்டுப்போட்ட இடமே தெரியாது.

அமெரிக்கப் பாடகர் பாபி மெக்ஃபெரின் இன்னொரு வகை. அடிக்குரலில் ஒரு சுரத்தைத் தொட்டு உடனே உச்சிக்குத் தாவி மெட்டின் ஒரு துண்டைப் பாடி மறுபடி கீழே வருவார். ஒரே ஆள்தான், ஆனால் பேஸும் (அடித்தளச் சுரங்கள்) மெட்டும் சேர்ந்து ஓடுவதாக நம் காது நம்பிவிடும். அகலமான குரல் இருந்தால்தான் இது முடியும். சரி, இப்படிப் பயன்பட்டால் அகலத்தை நானும் கொண்டாடுவேன்.

அமெரிக்க நாட்டுப்புற இசைப் பாடகர் ஜானி கேஷ் இந்தப் பட்டியல்களில் மேலே வரவே மாட்டார். 1956-ல் வந்த அவருடைய புகழ்பெற்ற 'ஐ வாக் தி லைன்' பாட்டில் ஒவ்வொரு சரணத்துக்கும் சுருதி மாறும். அடுத்த சுருதியைப் பிடிக்க அவர் மெல்ல முனகிக்கொள்வது பதிவிலேயே கேட்கும். கடைசிச் சரணம் முதல் சரணத்தைவிட ஒரு முழு ஸ்தாயி கீழே. ஒரே ஒரு ஸ்தாயி இறக்கம், அவ்வளவுதான். ஐந்து ஸ்தாயி தாண்டுகிற பலரிடம் எனக்கு இது கிடைத்ததில்லை.