மொரார்ஜி 'ரா'வைக் கலைக்கவில்லை

டெல்லியில் மயூர் விஹார், ஆர்.கே.புரம் பக்கத்துத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. எமர்ஜென்சி முடிந்து 1977ல் வந்த பிரதமர் மொரார்ஜி தேசாய் 'ரா' என்ற வெளிநாட்டு உளவு அமைப்பையே கலைத்துவிட்டாராம், 1980ல் திரும்பி வந்த இந்திரா காந்தி அதைப் புதிதாகத் தொடங்கினாராம். தவறு.

'ரா' 1968 செப்டம்பரில், உள்நாட்டு உளவு அமைப்பான ஐ.பி.யிலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. எமர்ஜென்சியில் அதற்கும் பங்கு இருந்தது என்ற சந்தேகம் ஜனதா அரசுக்கு இருந்தது உண்மை, அதனால் நிதியையும் ஆட்களையும் குறைத்தார்கள், தலைவர் காவ் விலகினார், அடுத்து வந்த சங்கரன் நாயரும் தலைவர் பதவியின் அந்தஸ்து குறைக்கப்பட்டதும் சில மாதங்களில் போய்விட்டார். சரி, கலைத்திருந்தால் நாயருக்குப் பின் வந்த சன்டூக் எதற்குத் தலைவராக இருந்தார்? 1977 முதல் 1983 வரை, மொரார்ஜி, சரண் சிங், இந்திரா என மூன்று பிரதமர்களின் காலத்திலும் அவர்தான். எனக்கு இந்த ஒன்றே போதும்.

'ரா' தலைவர்களின் பட்டியலை இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம், அந்தக் கால மக்களவை விவாதங்களும் நாடாளுமன்ற மின்நூலகத்தில் இருக்கின்றன. அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து அடுத்த குழுவுக்குத் தள்ளாதீர்கள், அனுப்பியவருக்கு இதை அனுப்புங்கள்.